கலோடியன் படத்தில் குறை எந்த மூலையிலிருந்து வருகிறது?

கலோடியன் படம் பழைய முறைப் புகைப்படம். கலோடியன் என்ற பசைத் திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட் உள்ள சில்வர் தொட்டியில் இறக்கி ஒளி உணரச் செய்து, ஒளி புகாத ஹோல்டரில் வைத்துக் கேமராவில் படமெடுத்து, ஈரம் காயும் முன் டெவலப்பர் ஊற்றி உருவத்தை வரவழைத்து, ஃபிக்சரில் நிலைநிறுத்துவது. கலோடியன் ஊற்றுவதற்கு முன் கண்ணாடியின் ஒரு மூலையில் வைர முனையால் சின்னதாக ஒரு கீறல் போடுங்கள். ஒவ்வொரு முறையும் கலோடியனை அந்த மூலை வழியாகத்தான் வடிக்க வேண்டும். இதை வடிமூலை என்று வைத்துக்கொள்வோம். சில்வர் தொட்டியில் இறக்கும்போது வடிமூலை மேலே, ஹோல்டரில் வைக்கும்போதும் மேலே. டெவலப்பர் எப்போதும் அதற்கு எதிர் ஓரத்திலிருந்து. இந்த ஒழுங்கு மாறாமல் இருந்தால், படம் கெட்டபின் கண்ணாடியைக் கையில் பிடித்துப் பார்த்தே எந்தக் கட்டத்தில் கெட்டது என்று சொல்லிவிடலாம். வடிமூலையை நோக்கிச் சாய்வாக ஓடும் கோடு கலோடியனுடையது. குறுக்கே நேராக விழுந்த கோடு, தொட்டியில் இறக்கும்போது கை நடுவில் நின்றதால் வந்தது. ஓரத்திலிருந்து உள்ளே படரும் கறை ஹோல்டரைக் காட்டும். எதிர் ஓரத்தில் தொடங்கும் அலையோ வெற்றிடமோ டெவலப்பருடையது. படம் முழுக்க ஒரே சீராகப் படிந்த மூட்டத்துக்கு மட்டும் திசை கிடையாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு, கீழே வருகிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு படம் கெட்டதும் பலர் கலோடியனை மாற்றி, தொட்டியில் அமிலம் விட்டு, டெவலப்பரையும் புதிதாகக் கலக்கிவிடுகிறார்கள். அடுத்த படம் சரியாக வந்தாலும் எது சரிசெய்தது என்று தெரியாது, வராவிட்டால் குழப்பம் மூன்று மடங்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் இந்த முறையை வெளியிட்டது இங்கிலாந்தின் குளிரில். ஆனால் 1862-இல் சிங்கப்பூர் வந்து ஸ்டுடியோ வைத்த ஜான் தாம்சன், ஏசி இல்லாத இதே வெக்கையில் இதே கலோடியனை ஊற்றித்தான் படம் எடுத்தார். ஆகவே இங்கே முடியாது என்பது இல்லை. வெளிநாட்டுக் குறிப்புகளில் உள்ள நொடிகளையும் விகிதங்களையும் அப்படியே எடுக்க முடியாது, அவ்வளவுதான். சிங்கப்பூரில் பிற்பகலில் 31, 32 டிகிரி, காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். ஈதர் கொதிப்பது 34.6 டிகிரியில். நம்முடைய பாதிக் குறைகளுக்கு மூலம் இந்த மூன்று எண்கள்தான்.

கலோடியன்

120 மில்லிக்கு அளவு: மருந்துத் தரச் சாதாக் கலோடியன் (உப்புகள் சேராதது) 60 மில்லி, ஈதர் 20 மில்லி, 95 விழுக்காடு எத்தனால் 40 மில்லி, காட்மியம் புரோமைடு 0.5 கிராம், காட்மியம் அயோடைடு 0.5 கிராம், அம்மோனியம் அயோடைடு 0.5 கிராம். முதலில் புரோமைடை ஒரு மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஆல்கஹாலைச் சேர்த்து, பிறகு இரண்டு அயோடைடுகளையும் கரையுங்கள். கரைசல் தெளிந்த பிறகுதான் ஈதரும் கலோடியனும் கலந்த பாட்டிலுக்குள் ஊற்ற வேண்டும். முதலில் கலங்கலாகத் தெரியும். இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் தெளியும். அடியில் தங்கியதைக் கலக்காமல் மேலே உள்ளதை மட்டும் வேறு பாட்டிலுக்கு இறுத்துக்கொள்ளுங்கள்.

ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டியிருப்பது வெப்பத்துக்காக. ஈதர் அதிகமானால் கண்ணாடியின் மறுமூலைக்குப் போவதற்குள் கலோடியன் உறைந்துவிடும். அயோடைடில் பாதியைக் காட்மியமாக வைத்ததும் அதற்காகவே. அம்மோனியம் மட்டும் போட்ட கலோடியன் இந்தச் சூட்டில் சீக்கிரமே வைக்கோல் நிறத்திலிருந்து சிவப்புக்குப் போய்விடும். சிவந்தது வீணல்ல. வேகம் குறைந்து கான்ட்ராஸ்ட் கூடியிருக்கும், புதியதோடு பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாகவே வேலை செய்யும். முழுக்கக் காட்மியமாகப் போட்டால் இன்னும் நாள் தாங்கும், ஆனால் குழகுழவென்று தடித்து ஊற்றுவதற்குச் சிரமம் கொடுக்கும், முதிர்வதற்கும் வாரக்கணக்கில் ஆகும்.

வீட்டு ஃபிரிட்ஜில் கலோடியனையும் ஈதரையும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சுவிட்சின் ஒரு பொறி போதும், ஈதர் ஆவி பற்றிக்கொள்ளும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாதுகாப்பு அறை இருட்டறைக்கு வசதியாகத் தோன்றும். அங்கே கலோடியன் ஊற்றக் கூடாது, காற்றோட்டம் போதாது, ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும். ஊற்றுவது சன்னல் திறந்த இடத்தில், அடுப்பும் சுவிட்சும் அருகில் இல்லாமல். எரியும் திரவங்களை வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதைக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளில் பார்த்துவிட்டே வாங்குங்கள். சயனைடு ஃபிக்சர் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அமில டெவலப்பர் பக்கத்தில் இருக்கும் மேசையில் அதற்கு இடமில்லை.

ஊற்றும் பத்து நொடி

கண்ணாடி 2 மில்லிமீட்டர், 4×5 அங்குலம். ஓரங்களைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூர் எடுத்துவிட்டு, கால்சியம் கார்பனேட் தூள், நீர், ஆல்கஹால் சம அளவு கலந்த குழம்பால் இரு பக்கமும் தேய்த்துத் துடையுங்கள். கண்ணாடியில் வாயால் ஊதினால் மூச்சு சீராகப் படர்ந்து சீராக மறைய வேண்டும். தீவு தீவாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, கழுவும்போது படலம் அங்கிருந்துதான் உரியும். ஓரம் உரியும் தொந்தரவு தொடர்ந்தால், ஒரு முட்டை வெள்ளைக்கருவை அரை லிட்டர் நீரில் அடித்து வடிகட்டி, காது குடையும் பஞ்சால் ஓரத்தில் மட்டும் 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடவிக் காயவிடுங்கள்.

இனி இந்த ஊருக்கே உரிய சிக்கல். நம் காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 24 டிகிரி. ஏசி அறையில் 22 டிகிரியில் இருந்த கண்ணாடியை வெளிநடைக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்துவிடும். லென்ஸுக்கும் இதே கதி. போதாததற்கு, ஈதர் ஆவியாகும்போது கண்ணாடியை இன்னும் குளிர வைக்கிறது. ஈரத்தின் மேல் விழுந்த கலோடியன் வெண்மையாக, மோர் திரிந்தாற்போல், புள்ளி புள்ளியாக உறையும். டெவலப் செய்தபின் அந்த இடம் தோல் சொரசொரத்தது போலத் தெரியும். பலர் இதைத் தொட்டியின் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தீர்வு எளிது. ஊற்றும் இடமும் கண்ணாடி இருந்த இடமும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். அறையை 25, 26 டிகிரியில், ஏசியின் ஈரம் நீக்கும் நிலையில் ஓடவிட்டு, கண்ணாடி, கலோடியன், ஹோல்டர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அங்கேயே வைத்திருங்கள். ஊற்றும் நேரத்தில் சன்னலைத் திறந்துவிடுங்கள். ஏசிக் காற்று நேராகக் கண்ணாடிமேல் படக் கூடாது, பட்டால் ஒரு பக்கம் மட்டும் முதலில் உறைந்து வரிகள் விழும்.

4×5-க்கு ஏறக்குறைய 20 மில்லி கலோடியனை நடுவில் குளமாக ஊற்றுங்கள். தூர மூலை, அடுத்த மூலை, கைப் பக்க மூலை, கடைசியாக வடிமூலை என்று சாய்த்து, மிச்சத்தை வேறொரு பாட்டிலில் வடியுங்கள். ஊற்றிய பாட்டிலிலேயே வடித்தால் கண்ணாடித் தூசி எல்லாம் உள்ளே போகும், அடுத்த படத்தில் வால்நட்சத்திரங்களாகத் திரும்பி வரும். வடியும்போதே கண்ணாடியை இடமும் வலமும் மெதுவாக ஆட்டினால் சாய்வு வரிகள் ஒன்றோடொன்று கலந்து மறையும். உறைந்ததா என்று பார்க்க வடிமூலையின் ஓரத்தை விரலால் தொடுங்கள். ரேகை பதிய வேண்டும், ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. குளிர் நாட்டில் 20, 30 நொடி ஆகும் இது, இங்கே 8 முதல் 10 நொடி. அதைத் தாண்டினால் எதிர் ஓரம் காய்ந்துபோய் வெள்ளியை உறிஞ்சாது, அந்த ஓரத்தில் நீலம் பாய்ந்த மெல்லிய பட்டை வரும்.

சில்வர் தொட்டி

காய்ச்சி வடித்த ஒரு லிட்டர் நீரில் 90 கிராம் வெள்ளி நைட்ரேட். நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 4 முதல் 4.5. புதுத் தொட்டியில் கலோடியன் பூசிய ஒரு கண்ணாடியை இரவு முழுக்க விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் முதல் படங்களின் படலத்திலிருந்து அயோடைடைத் தொட்டியே கரைத்து இழுத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் உள்ள குளோரைடு வெள்ளியைப் பாலாக்கிவிடும். ஏசியிலிருந்து சொட்டும் நீரும் காய்ச்சி வடித்த நீருக்கு ஈடாகாது. அது செம்பும் அலுமினியமும் தூசியும் தொட்டு வருகிற நீர். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொட்டியருகே நிற்காதீர்கள். வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் கறுத்துப் பத்து நாளில் போய்விடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நிற்காமல் ஒரே ஓட்டமாக இறக்கி, 3 நிமிடம் கழித்துச் சற்றே தூக்கிப் பாருங்கள். கரைசல் எண்ணெய்மேல் தண்ணீர் போல வாய்க்கால் வாய்க்காலாக ஓடினால் இன்னும் ஒரு நிமிடம் உள்ளேயே விடுங்கள். வழவழப்பாக முழுக்க நனைந்து தெரிந்தால் எடுக்கலாம். பின்பக்கத்தைத் துடைத்து, கீழ் ஓரத்தை மைஒற்றும் தாளில் ஒற்றி, ஹோல்டரின் கீழ் மூலைகளிலும் சிறு துண்டு மைஒற்றுத் தாள் செருகுங்கள். இதைச் செய்யாத படங்களில்தான் சிப்பி வரும், அதாவது ஓரத்திலிருந்து உள்ளே வளையும் சாம்பல் நிற ஓடு போன்ற கறை. கேமராவுக்குள் உருவம் தலைகீழ் என்பதால் ஹோல்டரின் கீழ் ஓரத்துக் கறை படத்தில் தலைக்கு மேலே தெரியும். தலைக்கு மேல் சிப்பி இருந்தால் டெவலப்பரைத் திட்ட வேண்டாம், ஹோல்டரைக் கழுவுங்கள்.

தொட்டி பழையதாகும்போது இரண்டு நோய்கள் வரும். முதலாவது, அயோடைடு மிகுதியாகி நுண்ணிய மணல் போல் படலத்தில் ஒட்டுவது. ஃபிக்சரில் அந்த மணிகள் கரைந்ததும் ஊசித் துளைகள் நிற்கும். தொட்டிக் கரைசலில் சம அளவு காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் மிகுதி அயோடைடு மஞ்சள் கலங்கலாகப் பிரியும். வடிகட்டிவிட்டு வெள்ளி நைட்ரேட் சேர்த்து மறுபடி 9 விழுக்காட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது, ஒவ்வொரு கண்ணாடியும் கொண்டுவந்து விடும் ஈதர், ஆல்கஹால், கரிமக் கழிவு. இதற்கு வெயில்தான் மருந்து, அது நமக்குக் குறைவில்லை. சமையல் சோடாக் கரைசலைச் சொட்டாக விட்டு பிஎச் 7 ஆக்கி, அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் மெல்லிய துணி கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். கழிவு கறுத்து அடியில் தங்கும். வடிகட்டி மீண்டும் அமிலம் சேர்த்தால் தொட்டி புத்துயிர் பெறும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். வெள்ளி, நைட்ரிக் அமிலம், ஆல்கஹால் மூன்றும் சூட்டில் சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உருவாக வழியுண்டு. இன்னொன்று: அடர்த்திமானி 1.07 காட்டுகிறதா என்று பார்ப்பது புதுத் தொட்டிக்குச் சரி. ஆல்கஹால் ஏறிய தொட்டியில் அது உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும், அதை நம்பி வெள்ளியைக் கொட்டாதீர்கள்.

நம் முகமும் கலோடியனும்

கலோடியன் பார்ப்பது நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே. நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகும். மஞ்சள் பூசிய கன்னம் ஒரு நிழல் இறங்கும். அரக்குப் பட்டு கரியாகும், தங்கச் சங்கிலி இரும்புச் சங்கிலி போல் தெரியும். நீலச் சட்டை வெள்ளையாகும், திருநீறும் மல்லிகையும் அப்படியே பளிச்சிடும். மாநிறத் தோலின் செம்பழுப்பு இந்தக் கலவைக்கு ஏறக்குறைய இருட்டு. வெளுத்த தோலுக்குச் சொன்ன எக்ஸ்போஷரை வைத்து நம்மவர்களைப் படமெடுத்தால் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும். அது படமெடுப்பவரின் பிழை, தோலின் பிழையல்ல. ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு ஒளி), சிலருக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். முகத்தின் நிழல் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் பெரிய வெள்ளைப் பலகை வையுங்கள். நெற்றியிலும் கன்னமேட்டிலும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால், தோலின் நிறத்தைத் தாண்டி ஒளியே நேரடியாகத் திரும்பி வரும், முகத்தின் வடிவம் எழுந்து நிற்கும். வெள்ளைச் சட்டை போட்டவரிடம் வேறு நிறம் மாற்றிவரச் சொல்லலாம். முகத்துக்குச் சரியாக வைத்தால் சட்டை வெந்துவிடும்.

கலோடியன் ஒளி உணரும் வேகம் ஐஎஸ்ஓ 0.5 முதல் 1 என்று கொள்ளலாம். வெளிநடையின் திறந்த நிழலில், காலை 10 மணிக்கு, லென்ஸ் திறப்பு எஃப் 4-இல் 3 முதல் 6 நொடி. மாலை 5 மணிக்கு லைட் மீட்டர் அதே எண்ணைக் காட்டினாலும் ஒளியில் மஞ்சள் ஏறியிருக்கும், நேரம் இரட்டிப்பாகும். பழைய மஞ்சள் பல்பு பயன்படாது. வெள்ளை எல்இடி விளக்கில் நீல உச்சம் இருப்பதால் பயன்படும். தலைக்குப் பின்னால் தாங்கி கட்டாயம்.

கருப்பு அலுமினியத் தகட்டில் எடுத்தால் உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறும். மூக்குத்தி மறுபக்கம் போகும், முந்தானை தோள் மாறும். எடுத்துக்கொள்ளும் அம்மாவுக்கு அது உறுத்தும் என்றால் தெளிந்த கண்ணாடியில் எடுத்து, படலத்தின் பக்கம் கருப்பு வெல்வெட் வைத்து, கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி சட்டமிடுங்கள்.

டெவலப்பர்

நீர் 355 மில்லி, இரும்பு சல்பேட் 12 கிராம், கடும் அசிட்டிக் அமிலம் 20 மில்லி, ஆல்கஹால் 15 மில்லி. வெளிநாட்டுக் குறிப்புகளில் பெரும்பாலும் இரும்பு 15, அமிலம் 14 என்று இருக்கும். இந்தச் சூட்டில் அது கைமீறிப் பாயும். பாட்டிலை ஐஸ் நீரில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

கண்ணாடி தொட்டியைவிட்டு வந்து டெவலப்பர் படும்வரை 4 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தாண்டினால் மேல் மூலைகள் உலர்ந்து பெரணி இலை போன்ற பளபளப்புக் கோலம் விழும். ஹோல்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஈரமான மைஒற்றுத் தாள் வைத்தால் இன்னும் இரண்டு நிமிடம் தாங்கும்.

20 மில்லியை ஓரத்தின் நீளத்துக்கும் ஒரே வீச்சில் விடுங்கள், உயரத்திலிருந்து அல்ல, ஓரத்தை உரசியபடி. ஓர் இடத்தில் விழுந்தால் அங்குள்ள வெள்ளி அடித்துச் செல்லப்பட்டு வெற்றுப் பள்ளம் விழும். கண்ணாடியிலிருந்து சிந்தவும் விடாதீர்கள், அடர்த்தி தருவது மேற்பரப்பில் இருக்கும் அந்த வெள்ளிதான். மூன்றாம் நொடியில் வெள்ளை வேட்டியோ வானமோ தெரியும். ஆறாம் ஏழாம் நொடியில் நெற்றியும் மூக்குத் தண்டும். கன்னத்தின் நிழல் பக்கம் மங்கலாகத் தலைகாட்டும் நொடியில் தண்ணீரை ஊற்றி நிறுத்துங்கள், பொதுவாக 10 முதல் 12 நொடி. நிழலும் நன்றாகத் தெரியட்டும் என்று காத்திருந்தால் அதன்மேல் சாம்பல் திரை விழுந்துவிடும். டெவலப்பர் எண்ணெய்போல் ஒதுங்கி வரி வரியாக ஓடினால் தொட்டியில் ஆல்கஹால் ஏறிவிட்டது என்று பொருள். டெவலப்பரிலும் 5 மில்லி ஆல்கஹால் கூட்டுங்கள்.

மூட்டத்துக்கான சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதல் கண்ணாடியைப் பூசி, தொட்டியில் வைத்து, இருட்டறையின் சிவப்பு விளக்கையும் அணைத்து இருட்டிலேயே டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்யுங்கள். மூட்டம் இருந்தால் காரணம் ரசாயனம். டெவலப்பரை மட்டும் புதிதாக்கி மறுபடி பாருங்கள், அப்போதும் இருந்தால் தொட்டி, பெரும்பாலும் பிஎச் ஏறியிருக்கும். முதல் கண்ணாடி தெளிவாக வந்தால், இரண்டாவதை 50 காசு நாணயம் வைத்துச் சிவப்பு விளக்கடியில் 3 நிமிடம் விடுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை. அதுவும் தெளிவென்றால், மூன்றாவதை ஹோல்டரில் போட்டு, லென்ஸ் மூடியைத் திறக்காமல் தடுப்பை மட்டும் இழுத்து ஒரு நிமிடம் வெயிலில் வையுங்கள். ஒளிக் கசிவு எங்கே என்று படமே காட்டிவிடும்.

ஃபிக்சர், வார்னிஷ்

லிட்டருக்கு 200 கிராம் சோடியம் தயோசல்பேட். மஞ்சள் வெளுத்துத் தெளிந்த பிறகும் அதே அளவு நேரம் உள்ளே இருக்கட்டும், பிறகு மெல்லிய ஓட்டத்தில் அரை மணி நேரம் கழுவல். ஃபிக்சர் தொட்ட விரலால் அடுத்த கண்ணாடியைத் தொடாதீர்கள், அந்த ரேகை பழுப்பாக நிரந்தரமாகும்.

வார்னிஷுக்கு 95 விழுக்காடு ஆல்கஹால் 414 மில்லி, சாண்டரக் பிசின் 57 கிராம், லாவெண்டர் எண்ணெய் 44 மில்லி. தேக்காவில் கிடைக்கும் குங்கிலியத்தை மாற்றாக எடுக்காதீர்கள், அது ஆல்கஹாலில் முழுதாகக் கரையாது. ஆல்கஹால் 99 விழுக்காடாக இருந்தால் கொஞ்சம் நீர் சேருங்கள், இல்லையென்றால் கலோடியன் படலத்தையே கரைத்துவிடும். நம் ஈரக் காற்றில் வார்னிஷ் பால்போல் வெளிறுவது வழக்கம். கண்ணாடியை ஹேர் டிரையரால் புறங்கைக்கு இதமாகச் சுடும்வரை சூடாக்கி ஊற்றுங்கள், வடித்த பிறகும் சூடு காட்டுங்கள். சுடர் விளக்கு வேண்டாம். ஏற்கெனவே வெளிறியிருந்தால் உடனே மெதுவாகச் சூடாக்கிப் பாருங்கள், பல நேரம் தெளிந்துவிடும்.

வார்னிஷ் இறுகும்வரை ஒரு வாரம் தூசி படாமல் நிமிர்த்தி வைத்து, பிறகு கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். துடைத்து முடித்த வெற்றுக் கண்ணாடிகளுக்கும் அதுவே நல்ல இடம். மிஞ்சிய வெள்ளி, காட்மியம், பழைய ஃபிக்சர் எதையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. இந்த ஊரில் அந்த நீர் சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டராகத் திரும்புகிறது. தனித்தனி பிளாஸ்டிக் கேன்களில் பெயர் எழுதிச் சேர்த்து, நச்சுக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். ஈதரும் கலோடியனும் ஊறிய துணிகளை மூடியுள்ள உலோக வாளியில் நீரில் மூழ்கவிட்டு அவற்றோடு அனுப்புங்கள்.